எழுத்து மாறும் பாட்டு: பெங்களூர்த் தமிழரின் இசைமரபுக் காப்பும் எழுத்துப்பெயர்ப்பும்

1. முன்னுரை

தாய்நிலத்தை விட்டுப் பிறமொழிச் சூழலில் குடியமர்ந்த மக்களிடம் மொழி தேயும்போது, பெரும்பாலும் முதலில் கைநழுவுவது எழுத்து. அடுத்துப் பேச்சு வீட்டளவில் சுருங்குகிறது. இறுதிவரை எஞ்சி நிற்பது பாட்டு. எழுதவும் படிக்கவும் அறியாத மூன்றாம் தலைமுறையினரும் மார்கழி விடியலில் திருப்பாவையை மனப்பாடமாகப் பாடுவர். உரையாடலில் பயன்படாத சொற்களைப் பண்ணோடு பிழையின்றி ஒலிப்பர். எனவே புலம்பெயர்ந்தோரின் இசைமரபு என்பது இசையியலாருக்கு மட்டும் உரிய பொருளன்று. அது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்திற் கொள்ளவேண்டிய ஒரு மொழிநிலை ஆகும்.

இந்நிலையில் ஒரு சிக்கல் எழுகிறது. பாட்டு செவிவழி கற்கப்படினும், நினைவுக்குத் துணையாக ஏடு வேண்டும். தமிழெழுத்து அறியாதவர் அவ்வேட்டைத் தாம் அறிந்த எழுத்தில் எழுதிக்கொள்கின்றனர். பெங்களூரில் அது கன்னட எழுத்தாகவோ உரோமன் எழுத்தாகவோ அமைகிறது. இங்ஙனம் எழுத்து மாறும்போது பாட்டில் எது காக்கப்படுகிறது, எது இழக்கப்படுகிறது என்பதை ஆராய்வதும், இழப்பைக் குறைக்கும் நெறிகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெங்களூர்ச் சூழல்

பெங்களூரில் தமிழரின் இருப்பு ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் அமைந்ததன்று. ஆங்கிலேயர் 1809இல் சீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றி அமைத்த தண்டுப்பகுதி, சென்னை மாகாணத்திலிருந்து படைவீரர், கைவினைஞர், வணிகர், தொழிலாளர் எனப் பலரை ஈர்த்தது. அல்சூர் முதலிய பகுதிகள் தமிழ் வழங்கும் இடங்களாயின. பழைய நகரும் தண்டுப்பகுதியும் 1949இல் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் தோன்றியது. இவற்றுக்கெல்லாம் முன்னரே கன்னட நாட்டில் வாழ்ந்துவந்த வைணவக் குடும்பங்கள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தம் வழிபாட்டில் போற்றிவந்தன. மேல்கோட்டை அம்மரபின் நடுவிடமாகத் திகழ்ந்தது. ஆகவே இங்குத் தமிழ்ப்பாட்டு, அண்மையில் குடிபெயர்ந்தோர் கொணர்ந்த பொருளாக மட்டும் இல்லை. கன்னடத்தையே வீட்டுமொழியாகவும் எழுத்துமொழியாகவும் கொண்டுவிட்டோரிடமும் அது வழிபாட்டு மொழியாக வாழ்கிறது.

பொது இசைக்களத்தைப் பொறுத்தவரை, 1905இல் தோன்றிய பெங்களூர்க் காயன சமாசமும், 1939இல் சாமராசப்பேட்டையில் தொடங்கப்பெற்ற இராமசேவா மண்டலியும் தென்னக இசைக்கு நிலையான அரங்குகளை அமைத்தன. இவ்வரங்குகள் ஒருமொழிக்கு உரியன அல்ல. தெலுங்கு, வடமொழி, கன்னடம், தமிழ் என நான்கு மொழிப் பாடல்களும் ஒரே கச்சேரியில் ஒலிப்பது இயல்பு. மைசூர் அரசவையில் விளங்கிய அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) நெல்லைச் சீமையினர். சாமுண்டீசுவரியின் மீது அவர் இசையமைத்த 108 கீர்த்தனைகள் கன்னடத்தில் அமைந்தவை. மைசூர் வாசுதேவாச்சாரியார் (1865–1961) திருவையாற்றில் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்றவர். நஞ்சன்கூட்டில் 1878இல் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராசர் சமாதியைக் கோயிலாக எழுப்புவித்தார். இசை இரு திசைகளிலும் எல்லை கடந்ததற்கு இவை சான்றுகள்.

எனினும் எழுத்துக்கு அத்தகைய எளிய போக்குவரவு வாய்க்கவில்லை. அல்சூர் ஏரிக்கரை அருகே நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை 1991இல் திறக்கப்பட இயலாமற்போய், 2009 ஆகத்து 9இல்தான் திறக்கப்பட்டது. அதே மாதம் 13இல் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. காவிரிச் சிக்கலையொட்டி 1991 இறுதியில் நிகழ்ந்த வன்முறை பெங்களூர்த் தமிழரின் நினைவில் நிலைத்த ஒன்று. பொதுவெளியில் தமிழெழுத்து அரசியற் குறியாகப் பார்க்கப்பட்ட ஒரு நகரில், பாட்டு மட்டும் கோயிலிலும் வீட்டிலும் அரங்கிலும் எதிர்ப்பின்றித் தொடர்ந்தது. எழுத்து பின்தங்கிப் பாட்டு முன்சென்றதற்குக் கல்விச் சூழலோடு இதுவும் ஒரு காரணமாகக் கருதத்தக்கது.

3. எழுத்துப்பெயர்ப்பு ஓர் உரை

எழுத்துப்பெயர்ப்பு என்பது பொருளைத் தொடாத பொறிவினை என்பது பொதுவான எண்ணம். தமிழ்ப்பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதுவோர் முதற் சொல்லிலேயே இவ்வெண்ணம் பொருந்தாமையை உணர்வர். தமிழில் வல்லெழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஒலியனைக் குறிக்கிறது. ஒலிப்புடைமையும் ஒலிப்பின்மையும் இடத்தால் அமையும் மாற்றொலிகள். கன்னடத்திலோ அவை தனித்தனி ஒலியன்கள், தனித்தனி எழுத்துகள். வடசொற்களின் பொருட்டு மூச்சொலி எழுத்துகளும் அதில் உள. எனவே தமிழில் ஓரெழுத்தாக நிற்பதைக் கன்னடத்தில் எழுதுவோர் நான்கனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தேர்வு என்பது பொருள்கோள் ஆகும்.

'தானம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தமிழெழுத்தில் இது கொடையையும் குறிக்கும். இராகம், தானம், பல்லவி என வரும் இசையுறுப்பையும் குறிக்கும். இடம் என்னும் பொருளில் 'ஸ்தானம்' என்பதன் தமிழ் வடிவமாகவும் வரும். கன்னட எழுத்தில் இம்மூன்றும் மூன்று வடிவங்கள். 'பாவம்' என்பதும் அத்தகையதே. பாடுவோர் போற்றும் மெய்ப்பாட்டு உணர்வும், பாடலில் பத்தர் நீக்க வேண்டும் தீவினையும், இரக்கக் குறிப்பும் ஒரே வடிவில் நிற்கின்றன. தீவினைப் பொருளை உணர்ந்த கன்னட எழுத்தாளர் அதனைத் தம் வழக்கிற்கேற்பப் 'பாபம்' எனத் திருத்துவதும் உண்டு. மாத்திரை கெடவில்லை, பொருளும் கெடவில்லை. ஆயின் அடுத்த அடியில் வகரம் எதுகையாக வந்திருப்பின் தொடை கெட்டுவிடுகிறது. எழுத்துப்பெயர்ப்பு என்ற பெயரில் இங்கு நிகழ்வது மொழிபெயர்ப்பு.

'சுரம்' என்னும் சொல் இச்சிக்கலின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. இசைச்சுரம், காய்ச்சல், பாலைவழி என்னும் மூன்றும் இதனால் குறிக்கப்பெறும். முதற்பொருளில் இதனை மெய்ம்மயக்கத்தோடு 'ஸ்வரம்' என எழுதின், கன்னட யாப்பு வழக்கின்படி கூட்டெழுத்துக்கு முன்னுள்ள குறில் குருவாகிவிடும். பாடுவோர் அறியாமலே முன்சொல்லின் இறுதி கனத்து நிற்கும். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் சொல்லை அமைத்துக்கொள்ளும் நெறியைத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்துள்ளார். அந்நெறியின் பயன் ஒலித்தூய்மை மட்டுமன்று என்பது இங்குத் தெளிவாகிறது. அசையமைப்பைக் காப்பதும் அதன் பயன்.

தேர்வு கட்டாயமாவதால் இழப்பே நேரும் என்று கொள்ளவும் இயலாது. தமிழை அறியாத சிறுவன் ஒருவன் தமிழெழுத்தை மட்டும் கண்டு, 'கங்கை' என்பதன் முதலெழுத்து ஒலிப்புடையது என்றும் 'கண்' என்பதன் முதலெழுத்து ஒலிப்பில்லாதது என்றும் அறிய வழியில்லை. கன்னட ஏடு அதனை ஐயமின்றிக் காட்டுகிறது. தாய்மொழியாளர் வழக்கால் அறிவதை அயல்மொழியாளர் எழுத்தால் அறிகின்றனர். ஆகவே கன்னட ஏடு, ஓரளவுக்கு, ஒலிப்புக் குறிப்புடன் கூடிய பதிப்பாகவே செயற்படுகிறது.

4. கன்னட எழுத்தின் ஆற்றலும் குறையும்

தமிழ்ப்பாட்டைத் தாங்குவதில் எல்லா எழுத்துகளும் ஒரு தரத்தன அல்ல. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் கன்னட எழுத்தில் செம்மையாக உள்ளன. 'எடு', 'ஏடு' என்பனவும், 'கொடு', 'கோடு' என்பனவும் அங்கு மயங்கா. தேவநாகரியின் இயல்பான எழுத்து முறையில் இவ்வேறுபாடு மறைந்துவிடும். கைப்பேசியில் இளையோர் பயன்படுத்தும் குறியில்லா உரோமன் எழுத்திலோ நெடில் குறில் வேறுபாடு, லகர ளகர வேறுபாடு, மூவகை நகர வேறுபாடு ஆகிய அனைத்தும் ஒருங்கே கெடும். 'கலை', 'காலை', 'களை' என்பன ஒன்றோடொன்று மயங்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) கையாண்ட குறியுடை உரோமன் முறை இவற்றைத் தெளிவாகக் காட்டவல்லது. ஆயின் இசை வகுப்பு ஏடுகளில் அது பெரிதும் இடம்பெறுவதில்லை.

கன்னட எழுத்தின் குறைகள் ழகர, றகர, னகரங்களில் வெளிப்படுகின்றன. ழகரம் பொதுவாக ளகரமாகவும், றகரம் ரகரமாகவும் எழுதப்படுகின்றன. 'வழி', 'வளி' என்பன ஒன்றாகின்றன. 'அறம்' 'அரம்' ஆகிறது. 'கறை' 'கரை' ஆகிறது. இன எழுத்துகள் மயங்குவதற்குக் கன்னடத்தின் சொந்த ஒலி வரலாறே துணைபோகிறது. தமிழில் 'ஏழு', 'மழை' எனவரும் சொற்கள் இற்றைக் கன்னடத்தில் 'ஏளு', 'மளெ' என வழங்குகின்றன. கன்னடம் அறிந்தவர்க்கு ளகரம் பிழையாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம்.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. ழகரமும் றகரமும் கன்னடத்திற்கு அயலான எழுத்துகள் அல்ல. பழங்கன்னடக் கல்வெட்டுகளிலும் இலக்கியங்களிலும் அவை வழங்கின. ழகரம் மறைந்துகொண்டிருந்த நிலையில், 13ஆம் நூற்றாண்டினரான கேசிராசர் தம் சப்தமணிதர்ப்பண இலக்கணத்தில் அவ்வெழுத்து வரும் சொற்களைத் தொகுத்துக் காட்டவேண்டியிருந்தது. இன்று ஒருங்குறியின் கன்னடப் பகுதியிலும் அவ்விரு எழுத்துகளுக்கும் இடம் உண்டு. ஆதலின் 'கன்னடத்தில் இவ்வொலிகளுக்கு எழுத்தில்லை' என்னும் கூற்று பொருந்தாது. எழுத்து உண்டு, வழக்கில்லை. தமிழ்ப்பாட்டு ஏட்டில் அவற்றை மீண்டும் பயன்படுத்துவது தமிழுக்குச் செய்யும் சலுகையாகாது. கன்னடத்தின் பழஞ்செல்வத்தை எடுத்தாள்வதேயாகும். னகரத்திற்கு மட்டுமே கன்னடத்தில் தனியெழுத்து இல்லை. அதற்குத்தான் ஒரு குறியீடு வேண்டும்.

சொல்லிறுதியும் கவனத்திற்குரியது. கன்னடத் தனிச்சொற்கள் பெரும்பாலும் உயிரீறு கொண்டவை. 'பால்' அங்கு 'ஹாலு' எனவும், 'கண்' 'கண்ணு' எனவும் நிற்பதால், தமிழின் மெய்யீற்றுச் சொற்களைப் படிக்கும்போது நாவில் ஓர் உகரம் தானே வந்தமரும். மறுபுறம் தமிழின் குற்றியலுகரம் கன்னட ஏட்டில் முற்றுகரமாக எழுதப்படுகிறது. நீட்டிப் பாடுமிடத்துத் தமிழ்ப் பாடகரும் அதனை முற்றாகவே ஒலிப்பதுண்டு. ஆதலால் தனிச்சொல்லில் இது பெருங்குறையன்று. புணர்ச்சியில்தான் இடர் நேர்கிறது. பொருள் விளங்கும்பொருட்டுச் சொற்களைப் பிரித்தெழுதும் ஏட்டில் 'பாட்டிசை' என்பது 'பாட்டு இசை' என்றாகி, மூலத்தில் இல்லாத ஓரசையைக் கூட்டிவிடுகிறது. இக்குறை தமிழெழுத்தில் அச்சாகும் பதம்பிரித்த பதிப்புகளுக்கும் உண்டு. ஆயின் தமிழறிந்தவர் அதனைப் பாடும்போது தாமே சேர்த்துக்கொள்வர். அறியாதவர் எழுதியவாறே பாடுவர்.

5. தொடையும் சந்தமும்

எழுத்து மாற்றத்தால் நேரும் இழப்புகளைப் பொருளளவில் மட்டும் கணக்கிடுவது போதாது. தமிழ் இசைப்பாட்டின் கட்டமைப்பு தொடையாலும் சந்தத்தாலும் ஆனது. இவை இரண்டும் தமிழ் ஒலியன் அமைப்பைச் சார்ந்தவை.

மோனையைக் காண்போம். 'கங்கை', 'கண்' என்பன ஓரடியில் வரின் தமிழ்க் காதும் தமிழ்க் கண்ணும் அவற்றை மோனையாகக் கொள்ளும். கன்னட ஏட்டில் அவை வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் இரு சொற்கள். மோனை கண்ணுக்குப் புலனாகாது. எதுகையிலோ இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. றகர எதுகையும் ரகர எதுகையும் தமிழில் வேறு. இரண்டும் ரகரமாக எழுதப்படும் ஏட்டில், புலவர் கருதாத எதுகைகள் புதியனவாகத் தோன்றும். உள்ள தொடை மறைதலும் இல்லாத தொடை தோன்றலும் ஒரே ஏட்டில் நிகழ்கின்றன.

சந்தப்பாடல்களில் இழப்பு இன்னும் நுண்ணியது. அருணகிரிநாதரின் திருப்புகழ் இதற்குத் தக்க களம். தமிழகத்திற்கு வெளியே, டெல்லியில் ஏ. எஸ். ராகவன் வழிநடத்திய திருப்புகழ் அன்பர்கள் அமைப்பு, இப்பாடல்களை இராக தாளத்தோடு கூட்டிசையாகப் பயிற்றி, பெங்களூர் உள்ளிட்ட பல நகரங்களில் வேரூன்றச் செய்தது. தமிழ் படிக்க அறியாத குடும்பத்தினரும் பெருங்குழுவாக அமர்ந்து பாடும் இம்மரபு, புலம்பெயர்ந்தோர் இசைக்காப்பில் குறிப்பிடத்தக்க வெற்றி எனலாம். அவ்வெற்றியே இங்குக் கூறும் சிக்கலைக் கூர்மையாக்குகிறது.

வண்ணப்பாடலின் சந்தக் குழிப்பு வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் பாகுபாட்டின்மீது அமைகிறது. 'முத்து' தத்தச் சந்தத்திற்கும், 'பந்து' தந்தச் சந்தத்திற்கும், 'வள்ளி' தய்யச் சந்தத்திற்கும் பொருந்தும். இனம் மாறினால் சந்தம் மாறும். ழகரத்தை ளகரமாக எழுதுவோர் பொருளையும் எதுகையையும் கெடுக்கின்றனர். ஆயின் இரண்டும் இடையினமாதலால் சந்தம் கெடுவதில்லை. றகரம் இரட்டிக்கும் இடத்தில் நிலைமை வேறு. 'வெற்றி' என்பது தத்தச் சந்தத்திற்கு உரிய வல்லின இரட்டை. கன்னட ஏட்டிலும் உரோமன் ஏட்டிலும் இது 'வெட்ரி' என எழுதப்படும்போது, வல்லினமும் இடையினமும் மயங்கிய மெய்ம்மயக்கம் ஆகிவிடுகிறது. 'கன்று' என்பது 'கன்ட்ரு' ஆகும்போதும் அவ்வாறே. சிறுவர் குழுவாக விரைந்த காலத்தில் பாடும்போது இவ்விடங்களில் நாத்தடுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். குறை பாடுவோரிடம் இல்லை; ஏட்டில் உள்ளது.

ஆகவே எழுத்துப்பெயர்ப்புப் பிழைகளைத் தரப்படுத்தி நோக்குதல் வேண்டும். பொருளைக் கெடுப்பன, தொடையைக் கெடுப்பன, சந்தத்தைக் கெடுப்பன என அவை மூவகைப்படும். முதல்வகையை உரை கொண்டு ஈடுசெய்யலாம். மூன்றாம்வகையை எவ்வுரையாலும் ஈடுசெய்ய இயலாது. அது பாட்டின் உடலையே தாக்குகிறது.

இதனோடு இசைநீட்சியையும் சேர்த்தெண்ண வேண்டும். எழுத்துகள் தம் அளவிற் கடந்து ஒலித்தலும் ஒற்றுகள் நீளுதலும் இசைநூலுக்கு உரியன எனத் தொல்காப்பியர் நூன்மரபிலேயே குறிப்பிட்டுச் சென்றார். எழுத்தின் அளவு வேறு, இசையின் அளவு வேறு என்பதே அதன் கருத்து. மொழி அறியாதவர் ஏட்டில், பாடும்போது நீளும் குறில் நெடிலாகவே எழுதப்பட்டுவிடும் இடர் உண்டு. அடுத்த தலைமுறை அதனைச் சொல்லின் வடிவமாகவே கொள்ளும்.

6. இரு நிலைப்பாடுகள்

இச்சிக்கல் குறித்து இரு நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. தமிழெழுத்தைக் கற்றபின்பே தமிழ்ப்பாட்டைப் பாடவேண்டும் என்பது ஒன்று. பாட்டு ஒலியால் ஆனது, எவ்வெழுத்தில் இருப்பினும் தீங்கில்லை என்பது மற்றொன்று.

முதல் நிலைப்பாட்டிற்குத் தமிழிசை இயக்கத்தின் வலு உண்டு. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. பாடுவோரும் கேட்போரும் பொருளுணர்ந்து துய்க்கவேண்டும் என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. தமிழகத்தில் அக்கோரிக்கை பெரும்பான்மையோரின் மொழியுரிமையாக எழுந்தது. பெங்களூரில் அதே கோரிக்கை அப்படியே பொருந்தாது. அங்குத் தமிழறியாப் பாடகரும் தமிழறியாக் கேட்போரும் மரபின் பங்காளிகள். எழுத்தை நுழைவாயிலாக வைத்தால், பாட்டைக் காத்துநிற்கும் பெரும்பகுதியினரே வெளியில் நிற்க நேரும்.

இரண்டாம் நிலைப்பாடு எளிமையால் கவர்கிறது. ஆயின் அது ஆசிரியரின் செவியும் நாவும் என்றும் கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் நிற்கிறது. பிழையான ஏட்டைச் சரியான குரல் திருத்தும்வரை தீங்கில்லை என்பது உண்மையே. அக்குரல் மறைந்தபின், ஏட்டில் பயின்றவரே ஆசிரியராகும்போது, ஏடே மூலமாகிவிடும். அந்நிலை தொலைவில் இல்லை.

இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் விடை தமிழ்ப் பதிப்பு மரபிலேயே உள்ளது. தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகளையும் வடமொழிக் கீர்த்தனைகளையும் தமிழெழுத்தில் அச்சிட்டோர் இதே சிக்கலை எதிர்நிலையில் சந்தித்தனர். கிரந்த எழுத்துகளைச் சேர்த்தும், க, ச, ட, த, ப என்பவற்றுக்கு 2, 3, 4 என எண்ணிட்டு ஒலிப்புடைமையையும் மூச்சொலியையும் காட்டியும் அவர்கள் பிறமொழிப் பாட்டுக்கு நேர்மை செய்தனர். அயல்மொழிப் பாட்டை எழுதும்போது தன்னெழுத்தை விரித்துக்கொள்ளும் இப்பண்பையே தமிழ்ப்பாட்டின் பொருட்டுக் கன்னட ஏட்டிடமும் எதிர்பார்ப்பது முறையாகும். எழுத்தின் குறை திருத்தத்தக்கதே என்பதற்குத் தமிழெழுத்தும் சான்று. ஓலைச்சுவடிகளில் மயங்கிய எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தும் வடிவங்களை வீரமாமுனிவர் (1680–1747) வகுத்தார் என்பது அறிஞர் பலரும் எடுத்துரைப்பது.

7. ஒப்புமைகள்

பிற புலம்பெயர் மக்களின் பட்டறிவு இவ்விடத்தில் துணைசெய்யும். பிலிப்பைன்சின் தென்பகுதியான மிண்டனாவோவில் வழங்கும் குலிந்தாங் என்னும் வரிசைச் சேகண்டி இசை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேரூன்றிய வரலாறு குறிப்பிடத்தக்கது. மகிந்தனாவோ இனத்தைச் சேர்ந்த தனோங்கன் கலந்துயன் (1947–2016) 1976இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்திற்கு வந்து அவ்விசையைப் பயிற்றத் தொடங்கினார். 1995இல் அந்நாட்டின் மரபுக்கலை உயர்விருதினைப் பெற்றார். அவரிடம் பயின்ற பிலிப்பினோ அமெரிக்கருட் பலர் அவ்விசையைப் பிறப்பால் அறியாத பிற இனக்குழுவினர். சேகண்டிகளுக்கு எண்ணிட்டுப் பயிற்றும் முறை அவர்களுக்கு எளிதாயிற்று. மறுபுறம் ஒசே மசேதா (1917–2004) தாய்நாட்டிலேயே களம்தோறும் சென்று திரட்டிய ஒலிப்பதிவுத் தொகுப்பு 2007இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இவ்விரு முயற்சிகளும் இசைக்காப்பின் இரு கைகளைக் காட்டுகின்றன. ஒன்று பயிற்றல், மற்றொன்று பதிதல். ஆயின் குலிந்தாங் கருவியிசை. எண்களால் அதன் அமைப்பை ஏறத்தாழ முழுமையாகக் குறிக்கலாம். மிடற்றுப்பாட்டுக்கு அவ்வசதி இல்லை. சுரத்தை எழுத ச ரி க ம ப த நி போதும். சொல்லை எழுத மொழி வேண்டும். எனவே கருவியிசையினும் மிடற்றிசைக்குப் புலம்பெயர்வால் நேரும் இடர் மிகுதி என்பது இவ்வொப்புமையால் பெறப்படும்.

அண்மையிலேயே மற்றொரு சான்று உள்ளது. கன்னட நாட்டில் பல நூற்றாண்டுகளாக வாழும் சங்கேதியர், தமிழோடும் மலையாளத்தோடும் உறவுடைய தம் வீட்டுமொழியைப் பேச்சில் காத்து, எழுத்துக்குக் கன்னடத்தையே கொண்டனர். அவர்களின் ஊர்களுள் ஒன்றான காவிரிக்கரை உருத்திரபட்டணம் இசைவாணர் பலரை ஈன்றது. ஆர். கே. ஸ்ரீகண்டன் (1920–2014) கன்னட இசைப்பாடல்களின் தெளிந்த ஒலிப்புக்குப் பெயர்பெற்றவர். ஒரு குடி புலம்பெயர்ந்த நாட்டின் பாட்டுமொழிக்கே சிறந்த காவலராக மாறக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. எழுத்தை மாற்றிக்கொள்வதே மரபின் முடிவு ஆகாது. எனினும் எழுத்து மாறியபின் தொடர்வது எம்மரபு என்னும் வினாவையும் இது எழுப்புகிறது.

8. சில நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, தமிழ்ப்பாட்டின் கன்னட ஏட்டில் ழகர றகரங்களுக்குப் பழங்கன்னட எழுத்துகளையே கையாளுதல்; னகரத்திற்கு ஒரு புள்ளி அல்லது எண் குறியீடு அமைத்தல். இரட்டித்த றகரத்தையும் னகர றகர இணைவையும் டகரம் இட்டு எழுதாது, மூல எழுத்தின் இரட்டையாகவே எழுதி, ஒலிப்பை முன்னுரையில் விளக்குதல்.

இரண்டாவது, வல்லெழுத்துகளைப் பாடும் ஒலிப்பின்படியே எழுதுதல். ஆயின் எதிர்ப்பக்கத்தில் தமிழ் மூலத்தைத் தவறாது அச்சிடுதல். ஒன்று நாவுக்கும் மற்றொன்று தொடைக்கும் வழிகாட்டும்.

மூன்றாவது, வடசொற்களின் தமிழ் வடிவத்தை வடமொழி வடிவமாகத் திருத்தாமை. திருத்தம் வேண்டின் அது பொருட்குறிப்பில் இடம்பெறலாம்.

நான்காவது, பாடும் வரியில் புணர்ச்சியைப் பிரியாமையும், உரைவரியில் பிரித்துக் காட்டலும். பொருள் கூறுவோர் இனச்சொற்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழ் 'அரசு' ஆட்சியையும் ஆட்சியமைப்பையும் சுட்ட, கன்னட 'அரசு' அரசனைச் சுட்டும். தமிழ்ப் 'பட்டு' ஆடை. கன்னடத்தில் அவ்வொலியுடைய சொல் பிடிவாதம், பிடிப்பு என்னும் பொருளது. உறவுமொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர்க்கு அயன்மை தரும் இடரினும் அண்மை தரும் இடர் பெரிது.

ஐந்தாவது, மூத்தோரின் பாட்டைப் பதிவு செய்யும்போது, பண், தாளம் ஆகியவற்றோடு எவ்வெழுத்தில் எழுதிப் பயின்றார், யாரிடம் பயின்றார் என்பவற்றையும் குறித்துவைத்தல். கையேடுகளையும் படியெடுத்துக் காத்தல் வேண்டும். அவற்றிலுள்ள பிழைகளே மொழித்தொடர்பாய்வுக்குச் சிறந்த தரவுகள். ளகரம் எங்கு நுழைந்தது, உகரம் எங்கு ஒட்டியது என்பவற்றால் ஒரு குடும்பத்தின் மொழிமாற்ற வரலாற்றையே மீட்டெடுக்கலாம்.

9. நிறைவுரை

எழுத்துப்பெயர்ப்பு ஏடு தமிழ்க் கல்விக்கு மாற்றாகக் கருதப்பட்டால் அது இழப்பின் கருவியாகும். பாலமாகக் கருதப்பட்டால் காப்பின் கருவியாகும். இவ்வேறுபாடு ஏட்டின் அமைப்பிலேயே வெளிப்பட வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரு எழுத்துகளும் நிற்கும் ஏட்டைக் கையில் கொண்ட சிறுவனுக்கு, பாட்டு முன்னரே மனத்தில் உள்ளது. ஒலியும் நாவில் உள்ளது. அவன் கற்கவேண்டியது வரிவடிவம் ஒன்றே. பொருளறியாச் சொற்பட்டியலைக் கொண்டு எழுத்துப் பயிற்றுவதினும், மனப்பாடமான முப்பது பாசுரங்களைக் கொண்டு எழுத்துப் பயிற்றுவது எளிது. ஒவ்வொரு வரியும் தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் அரிச்சுவடியாக அமையும்.

புலம்பெயர்ந்தோரிடம் எழுத்து முதலில் மறைகிறது, பாட்டு இறுதிவரை நிற்கிறது என்பது இழப்பின் வரிசை. அவ்வரிசையைப் பின்னிருந்து தொடங்கி, பாட்டிலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து எழுத்துக்கும் திரும்பிச் செல்ல இயலும். அதற்குரிய கருவிகளை வகுத்துத் தருதல் மொழியியலார், மொழிபெயர்ப்பாளர் ஆகிய இரு திறத்தாரின் கடமையாகும்.